சர் பெண்டியஸுக்குச் சொர்க்கம் கிடைத்தது நியாயமா? – ஹாஸ்பின் ஹோட்டல் சீசன் 1

#1 | இரவுப்பறவை | 4 பிப்ரவரி 2024, இரவு 11:40

முதல்லயே சொல்லிடறேன், எட்டாவது எபிசோடு வரைக்கும் பார்க்காதவங்க இதுக்கு மேல படிக்காதீங்க. முழுக்க ஸ்பாய்லர். 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான அனிமேஷன் தொடர் இது. நாலாவது எபிசோடுல ஏஞ்சல் டஸ்ட்ங்கற பாவிக்கு நடக்கற கொடுமையைப் பத்தியும் பேச்சு வரும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. 2019 அக்டோபர்ல விவியன் மெட்ரானோ யூடியூப்ல ஒரு பைலட், அதாவது முன்னோட்ட எபிசோடு, விட்டாங்க. நாலு வருஷத்துக்கு மேல காத்திருந்து, போன மாசம்தான் பிரைம் வீடியோவில சீசன் வர ஆரம்பிச்சு, இந்த மாசம் முடிஞ்சுது. லூசிஃபரோட பொண்ணு சார்லி, நரகத்து இளவரசி. வருஷத்துக்கு ஒரு நாள் சொர்க்கத்திலேர்ந்து எக்ஸார்சிஸ்ட் படை இறங்கி வந்து, கண்ணுல பட்ட பாவிகளையெல்லாம் வெட்டிட்டுப் போகும். அந்தப் படுகொலையை நிறுத்தணும்னா பாவிகள் திருந்த முடியும்னு நிரூபிக்கணும். அதுக்காகத்தான் சார்லி ஹோட்டல் நடத்தறா.

கடைசி எபிசோடுல ஹோட்டல்ல தங்கியிருக்கற சர் பெண்டியஸ்ங்கற பாவி தன் பறக்கும் கப்பலோட, எக்ஸார்சிஸ்ட் படைத் தலைவன் ஆதாம் மேல பாயறான், ஒரே வீச்சுல சாம்பலாயிடறான். அப்புறம் கடைசி நிமிஷங்கள்ல சொர்க்கத்துல, தலைமைத் தேவதூதர்களான செராவும் எமிலியும் பார்த்துட்டு இருக்கும்போதே, அவன் அங்க வந்து நிக்கறான். முதல் முறையா ஒரு பாவி மேல போயிட்டான்.

நான் நல்லா அழுதுட்டேன். எழுந்து முகம் கழுவும்போதுதான் ஒரு கேள்வி வந்துச்சு. இவன் நரகத்துக்கு வர்ற அளவுக்கு உயிரோட இருந்தப்ப என்ன பண்ணினான்? யாருக்குப் பண்ணினான்? அந்த ஆளுங்களை இந்த எட்டு எபிசோடுல ஒரு ஃப்ரேம்லயாவது காட்டினாங்களா? அவங்க யாரும் சரின்னு சொல்லாமலே இவன் மேல போனது நியாயமா?

#2 | கடற்கரைக்காரன் | 5 பிப்ரவரி, காலை 6:15

நான் தூத்துக்குடி, கத்தோலிக்கக் குடும்பம். இந்தக் கேள்வி எங்க வீட்டுல பெரிய வியாழன், பெரிய வெள்ளி வந்தா வருசா வருசம் வரும்.

சிலுவையில இயேசுவுக்குப் பக்கத்துல தொங்கின கள்ளன் கதை லூக்கா நற்செய்தி 23-ஆம் அதிகாரத்துல இருக்கு. வாழ்நாள் முழுக்க என்ன செஞ்சான்னு தெரியாது. கடைசி மணி நேரத்துல, "நாம் பண்ணினதுக்குத் தகுந்த தண்டனைதான் நமக்குக் கிடைக்குது, இவர் ஒரு தப்பும் செய்யலை"ன்னு ஒத்துக்கறான். அன்னைக்கே அவனுக்குப் பரதீசு கிடைச்சிருது. அவன் யார்கிட்ட திருடினானோ அவங்ககிட்ட யாரும் போய்க் கேக்கல. எங்க ஐயாம்மா இந்த இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும், "அப்ப பறிகொடுத்தவ கதி?"ன்னு கேப்பா. உபதேசியார் சொன்ன எந்தப் பதிலும் அவளுக்குப் போதல.

ஆனா பெண்டியஸ் விசயத்துல நான் அவன் பக்கம்தான். எங்க போதனைப்படி உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்கு. அங்க இருக்கிறவங்க எப்படியும் மோட்சம் போயிருவாங்க, சுத்தமாகிற வரைக்கும் காத்திருக்காங்க, அவ்வளவுதான். நரகத்துக்குப் போனவனுக்கோ திரும்பி வர வழியே கிடையாது. இந்தத் தொடர் அந்தச் சுவத்தைத்தான் இடிக்குது. சார்லி நரகத்துக்கு உள்ளேயே ஒரு உத்தரிக்கிற ஸ்தலத்தைச் செங்கல் செங்கலாக் கட்டறா, அதுவும் மேல ஒருத்தர்கிட்டயும் அனுமதி வாங்காம. அவ செய்யற காரியத்தோட கனம் எனக்கு அப்பதான் உறைச்சுது.

#3 | வைகைக்கரை | 5 பிப்ரவரி, காலை 9:02

பறவையோட கேள்விதான் என் கேள்வியும். நேத்து ரெண்டாவது எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். வாக்ஸ்ங்கற நரகத்துப் பெரும்புள்ளி அனுப்பின உளவாளியா ஹோட்டலுக்குள்ள வர்றான் பெண்டியஸ். மாட்டிக்கறான். கொன்னுடலாம்னு மத்தவங்க நிக்கறாங்க. சார்லி பாட்டுப் பாடி, மன்னிப்புக் கேக்கறதுதான் முதல் படின்னு சொல்றா, அவனும் கேக்கறான், மன்னிச்சுடறாங்க. அழகான காட்சி, மறுக்கல.

ஆனா எதுக்கு மன்னிப்பு? உளவு பார்த்ததுக்கு. அதுவும் முந்தாநாள்தான் அறிமுகமான ஆளுங்ககிட்ட. நரகத்துல இடம் பிடிக்கறதுக்காக அவன் கட்டின ஆயுதங்கள், அதுக்கு இரையானவங்க, அதுக்கும் முன்னாடி பூமியில நடந்தது, எதுவுமே அந்தப் பாட்டுல வரல. நான் உங்க வண்டியை இடிச்சுட்டு உங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஸாரி சொல்லி, அவர் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?

#4 | பேனாக்கத்தி | 5 பிப்ரவரி, பிற்பகல் 1:30

நண்பர்களே, பெண்டியஸைவிட ஆறாவது எபிசோடின் நீதிமன்றக் காட்சியில்தான் இந்தத் தொடரின் முழு வாதமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சார்லி சொர்க்கத்துக்குப் போய், "ஒருவன் இங்கே வர என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறாள். ஆதாம் ஒரு தாளில் கிறுக்கி நீட்டுகிறான்: தன்னலம் பாராதே, திருடாதே, அதிகாரத்தில் இருப்பவனை எதிர்த்து நில். அதே நேரத்தில் கீழே ஒரு கேளிக்கை விடுதியில் ஏஞ்சல் டஸ்ட் என்ன செய்கிறான் என்பதை எல்லோரும் நேரலையாகப் பார்க்கிறார்கள். ஹோட்டல் பணிப்பெண் நிஃப்டிக்கு ஆபத்து வரும்போது, தன் ஆன்மாவுக்கே சொந்தக்காரனான வாலண்டினோவின் முன்னால் போய் நிற்கிறான். அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் நாலாவது எபிசோடிலிருந்து தெரியும். ஆதாமின் தாளில் இருந்த மூன்றையும் அவன் செய்துவிட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. அவன் மேலே வரவில்லை. "எல்லாம் செய்துவிட்டானே, ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறான்?" என்று சார்லி கேட்க, சபையில் யாரிடமும் பதில் இல்லை.

நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். தலைமைத் தேவதூதர்களுக்கே அளவுகோல் தெரியாது! அளவுகோல் தெரியாமலே, "இவர்கள் திருந்த மாட்டார்கள்" என்று முடிவு கட்டி ஆண்டுதோறும் கொன்றிருக்கிறார்கள். செரா அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறாள், எமிலிக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியவரும் நொடியில் வரும் பாட்டுதான் இந்த சீசனின் உச்சம். (எமிலிக்குக் குரல் கொடுத்த ஷோபா நாராயண் இந்திய வம்சாவளி நடிகை. அந்தப் பாட்டில் அவர் குரல் உடையும் இடத்தை மறுபடி கேளுங்கள்.)

ஆகவே பெண்டியஸ் போனது நியாயமா என்று கேட்பதற்கு முன்னால், அங்கே நியாயம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அவன் எப்படிப் போனான் என்பது அவனை வரவேற்றவர்களுக்கே தெரியாது.

இன்னொரு செய்தி. ஆதாமுக்கும் பெண்டியஸுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, அலெக்ஸ் பிரைட்மேன். கொல்பவனும் கொல்லப்படுபவனும், சொர்க்கத்திலிருந்து இறங்கி வந்து சாகிறவனும் நரகத்தில் செத்துச் சொர்க்கம் போகிறவனும் ஒரே தொண்டையிலிருந்து பேசுகிறார்கள். இது தெரிந்த பிறகு கடைசி எபிசோடைப் பார்ப்பது வேறு அனுபவம்.

#5 | தீக்குச்சி | 5 பிப்ரவரி, மாலை 5:48

கத்தி அண்ணா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எல்லாரும் சுத்திச் சுத்திப் பெண்டியஸையே பேசறீங்க. அவன் பாவம், பாம்பு உடம்பு, முட்டைப் பசங்களை வளர்க்கறான், பார்த்தாலே பிடிச்சுப் போகுது. அவனை மன்னிக்கறது யாருக்கும் கஷ்டமில்ல.

வாலண்டினோ நாளைக்கு ஹோட்டல் வாசல்ல வந்து நின்னா? சார்லி கொள்கைப்படி கதவு எல்லாருக்கும் திறந்திருக்கணும். ஏஞ்சல் தங்கியிருக்கற அதே மாடியில அவனுக்கும் ரூம் கொடுப்பாளா? இதுக்குப் பதில் சொல்லாம மீட்பு, மன்னிப்புன்னு எவ்வளவு பேசினாலும் எனக்கு அது காதுல ஏறாது.

#6 | ஆறாம்வருடம் | 5 பிப்ரவரி, இரவு 10:20

வணக்கம். இங்க ரொம்ப நாளாப் படிக்கிறேன், எழுதறது இதுதான் முதல் தடவை. நான் ஒரு குடிநோயாளர். குடிக்காம இருந்து 6 வருஷம் ஆச்சு, அதான் இந்தப் பேரு. பையன் காலேஜ்ல படிக்கிறான், அவன்தான் இந்தத் தொடரைக் காட்டினான்.

நாலாவது எபிசோடுல ஏஞ்சலும் ஹோட்டல் பார்ல வேலை செய்யற ஹஸ்க்கும் பேசற இடம் இருக்கில்ல, அதைப் பத்தி மட்டும் சொல்றேன். ஏஞ்சல் அதுவரைக்கும் எதுக்கெடுத்தாலும் கேலி, இரட்டை அர்த்தம். அது நடிப்புன்னு ஹஸ்க் முகத்துக்கு நேரா சொல்லிடறான். ஏஞ்சல் உடைஞ்சு போறான், தான் யாருக்கும் உதவாத பொருள் ஆயிட்டா அந்த வாலண்டினோவே தன்னை விட்டுடுவான்னுதான் இப்படியெல்லாம் கெடுத்துக்கறேன்ங்கறான். அப்ப ஹஸ்க் புத்திமதி சொல்லல. தன் கதையைச் சொல்றான். தானும் ஒரு ஓவர்லார்டா, அதாவது நரகத்துப் பெரும்புள்ளியா இருந்தவன், அடுத்தவங்க ஆன்மாவை வெச்சுச் சூதாடினவன், கடைசியில தன்னையே அலாஸ்டர்ங்கற இன்னொரு ஓவர்லார்டுகிட்ட தோத்தவன். அப்புறம் பாட்டு. நீ தோத்தவன்தான், நானும் தோத்தவன்தான், தனியா இல்லடா, அவ்வளவுதான் அந்தப் பாட்டு.

நான் முதல் தடவை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனப்ப நடந்தது அச்சு அசல் இதான். பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டீல் டம்ளர்ல டீ. யாரும் எனக்கு அட்வைஸ் பண்ணல. ஒரு பெரியவர் எந்திரிச்சு, பெண்டாட்டி பிரசவத்துக்கு வெச்சிருந்த காசைக் குடிச்ச கதையைச் சொல்லிட்டு உட்கார்ந்தார். வீட்டுல, ஆஸ்பத்திரியில, கோயில்ல எல்லாரும் என்கிட்ட, "நீ இப்படி இருக்கக் கூடாது"ன்னுதான் சொல்லியிருந்தாங்க. "நானும் இப்படித்தான் இருந்தேன்"னு சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதனால ஏஞ்சல் மேல போகலையேன்னு எனக்கு வருத்தமே இல்ல. அவன் ஹஸ்க்கோட சேர்ந்து ஹோட்டலுக்குத் திரும்பி வர்றான் பாருங்க, எனக்கு அது போதும். ஒரு நாள் ஒரு நாளாத்தான் போகும்.

#7 | இரவுப்பறவை | 5 பிப்ரவரி, இரவு 11:05

அண்ணா, எழுதினதுக்கு ரொம்ப நன்றி. அந்த டீ டம்ளர் கண்ணு முன்னாடியே நிக்குது. அடிக்கடி எழுதுங்க.

தீக்குச்சி, உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. யோசிக்கிறேன்.

#8 | வைகைக்கரை | 6 பிப்ரவரி, காலை 8:40

ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. மீட்பு.

சர்ச்சுல மீட்பர்ங்கறாங்க. குடியிலேர்ந்து வெளிய வர்ற இடத்துக்கு மீட்பு மையம்னு போர்டு. ஆனா எங்க தெருவுல மீட்கறதுன்னு சொன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது அடகு நகைதான். வட்டி கட்டி, சீட்டைக் கொடுத்து, நகையை மீட்டுட்டு வர்றது. மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னாடி எங்க ஊர் அடகுக்கடையில நிக்கற கூட்டத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அந்த அர்த்தத்துல ஏஞ்சலைப் பாருங்க. அவன் ஆன்மா நெசமாவே அடகுல இருக்கு, வாலண்டினோவோட பெட்டியில. அடகுல இருக்கற நகை தானா நடந்து வீட்டுக்கு வராது. அது எவ்வளவு சுத்தத் தங்கமா இருந்தாலும் யாராவது அசலும் வட்டியும் கட்டியாகணும். ஏஞ்சல் எவ்வளவு நல்லவனா ஆனாலும் அந்த ஒப்பந்தம் கிழியாம அவன் எங்கயும் போக முடியாதோ? சொர்க்கம் அவனைக் கூப்பிடாததுக்குக் காரணம் அவன்கிட்ட இருக்கற குறையா, இல்ல அவன் கழுத்துல இருக்கற சங்கிலியா? பெண்டியஸ் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாத் தொடர்ல காட்டல. அவன் ஆன்மா அவன்கிட்டயே இருந்துச்சு, அதைக் கொடுக்க அவனால முடிஞ்சுது.

கத்தி கேட்ட அளவுகோலுக்கு இது பதில் ஆகுமான்னு தெரியல. ஆனா அடிமையா இருக்கறவன்கிட்ட நீ ஏன் இன்னும் திருந்தலன்னு கேக்கறதுல ஒரு அநியாயம் இருக்கு.

#9 | செம்பருத்தி | 6 பிப்ரவரி, மதியம் 2:15

வைகைக்கரை எழுதினதைப் படிச்சுட்டு ஆபீஸ்ல வேலை ஓடல. சொல்லிடறேன்.

எங்க அப்பா குடிப்பார். நான் ஏழாவது படிக்கறப்ப அம்மாவோட மூணு பவுன் தாலிச்சங்கிலியைக் கொண்டு போய் அடகு வெச்சுட்டார். அம்மா மஞ்சக்கயித்துல தாலியைக் கோத்துப் போட்டுக்கிட்டாங்க. விசேஷத்துக்குப் போனா முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்குவாங்க. வருஷக்கணக்கா. அடியைப் பத்தி எழுத வேண்டாம்னு பார்க்கறேன்.

நான் காலேஜ் முடிக்கற சமயம் அப்பா நிறுத்தினார். நிஜமாவே நிறுத்தினார். ஒரு மீட்டிங் விட மாட்டார். ஊரே மெச்சுச்சு. அவருக்கு ஒரு வருஷம் முடிஞ்சப்ப மேடையில கூப்பிட்டு மாலை போட்டாங்க, எங்களையும் முன் வரிசையில உட்கார வெச்சாங்க. மைக்கைப் பிடிச்சு, "என் குடும்பத்துக்கு நான் பண்ணின கொடுமைக்கு"ன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சார். கை தட்டினாங்க. பக்கத்துல இருந்த ஒரு அம்மா எங்க அம்மா கையைப் பிடிச்சு, "நீங்க கொடுத்து வெச்சவங்க"ன்னாங்க. அம்மா தலையை ஆட்டினாங்க. வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ல ஒரு வார்த்தை பேசல.

அவர் அம்மாகிட்ட நேரா வந்து எதுவும் கேட்டதா எனக்குத் தெரியல. மேடையில சொன்னார், சொந்தக்காரங்ககிட்ட சொன்னார், என் கல்யாணத்துல சம்பந்திகிட்டகூடச் சொன்னார்.

பெண்டியஸ் சொர்க்கத்துல போய் நின்னப்ப எனக்கு அழுகை வரல. அந்த மேடைதான் ஞாபகம் வந்துச்சு. அவன் நல்லவன் ஆனதை நான் நம்பறேன். எங்க அப்பா ஆனதையும் நம்பறேன். ஆனா முன் வரிசையில உட்கார வெச்சவங்க மூஞ்சியை யாராவது ஒரு தடவை திரும்பிப் பார்க்கணும்.

#10 | ஆறாம்வருடம் | 6 பிப்ரவரி, இரவு 9:30

செம்பருத்தி தங்கச்சி, நான் இதை நாலு தடவை படிச்சேன். எங்க ஆளுங்க மேடையில பேசறப்ப முன் வரிசையில இருக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சிருக்கேன். யோசிச்சது பத்தாதுன்னு இப்பத் தெரியுது.

எங்க நிரல்ல 12 படி. 1935-ல அமெரிக்காவுல அக்ரன்ங்கற ஊர்ல ரெண்டு குடிநோயாளர்கள் சந்திச்சதுல ஆரம்பிச்ச இயக்கம் இது. அதுல எட்டாவது படி, நாம காயப்படுத்தினவங்க பேரையெல்லாம் எழுதறது. ஒன்பதாவது, முடிஞ்ச இடத்துலயெல்லாம் அவங்களுக்கே நேரா ஈடு செய்யறது. ஆனா அப்படிச் செய்யறது அவங்களுக்கோ மத்தவங்களுக்கோ மேலும் கெடுதல் பண்ணும்னா செய்யக் கூடாது. அந்த விதிவிலக்கும் அந்தப் படிக்குள்ளயே இருக்கு. நேரான்னா நேராத்தான். மைக்குல இல்ல.

நான் அந்தப் பட்டியலை எழுத ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டேன். முதல் பேரை எழுதவே கை வரல. நாலாவது பேரு என் தம்பி. அவன் இன்னும் என்னை வீட்டுக்குள்ள விடல, வாசல்லயே பேசிட்டு அனுப்பிடுவான். அவன் விடணும்னு கேக்க எனக்கு உரிமை இல்ல. அதை ஏத்துக்கறதும் இந்தப் படியில சேர்த்திதான்னு என் வழிகாட்டி சொன்னார்.

சார்லியோட ஹோட்டல்ல இந்த ரெண்டு படியும் இல்ல. நம்பிக்கை விளையாட்டு இருக்கு, பாட்டு இருக்கு. பட்டியல் இல்ல. அது ஒரு பெரிய குறைன்னு உங்க பதிவைப் படிச்ச பிறகு ஒத்துக்கறேன்.

தீக்குச்சி தம்பி கேட்டதுக்கும் சொல்லிடறேன். எங்க கூட்டத்துக்கு யாரு வந்தாலும் கதவு திறக்கும். ஆனா ஒருத்தரை அடிச்சவரையும் அடி வாங்கினவரையும் ஒரே கூட்டத்துல உட்கார வைக்க மாட்டோம். வேற ஊர், வேற நாள்னு பார்த்துக்குவோம். வாலண்டினோவுக்கு ரூம் உண்டு. ஏஞ்சல் இருக்கற ஹோட்டல்ல இல்ல.

#11 | தீக்குச்சி | 6 பிப்ரவரி, இரவு 9:52

சரிண்ணா. இதை நான் ஏத்துக்கறேன்.

#12 | பேனாக்கத்தி | 7 பிப்ரவரி, காலை 10:10

செம்பருத்தி சொன்ன முன் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு சார்லியின் காதலி வேகியின் கதையை மீண்டும் பார்த்தேன். இவ்வளவு நாள் இது கண்ணில் படாதது வெட்கமாக இருக்கிறது.

வேகி ஒரு காலத்தில் எக்ஸார்சிஸ்ட். ஒரு சிறு பிள்ளையைக் கொல்ல மனம் வராமல் விட்டதால் ஆதாமின் துணைத் தளபதி லூட் அவளுடைய ஒரு கண்ணையும் இறக்கைகளையும் பிடுங்கி நரகத்திலேயே போட்டுவிட்டுப் போகிறாள். நாம் அவளுக்காகப் பரிதாபப்படுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்னால்? அவள் அந்தப் படையில் இருந்தவள். ஈட்டியோடு இறங்கி வந்தவள். நீதிமன்றத்தில் ஆதாம் உண்மையைப் போட்டு உடைத்த பிறகு சார்லி துடிப்பது, "என்னிடம் ஏன் மறைத்தாய்?" என்பதற்காகத்தான் என்று என் கண்ணுக்குப் படுகிறது. "யாரையெல்லாம் கொன்றாய்?" என்ற கேள்வி வரவே இல்லை. ஏழாவது எபிசோடில் அன்புக்காகப் போராடக் கற்றதும் இறக்கை திரும்ப முளைக்கிறது, கணக்கு முடிந்துவிடுகிறது.

பெண்டியஸ் பாவி என்பதால் அவன் பழைய கணக்கைத் தேடுகிறோம். வேகி வானத்திலிருந்து வந்தவள் என்பதால் அவள் கொன்றவர்களை எண்ணக்கூட மறந்துவிட்டோம். ஹோட்டலில் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களில் யாராவது, அந்தப் படுகொலைகளில் தம் நண்பர்களை இழக்காமல் இருந்திருப்பார்களா?

ஒன்று மட்டும் அவளுக்குச் சாதகமாகச் சொல்லலாம். கடைசிச் சண்டையில் லூட் அவள் கையில் சிக்குகிறாள், வேகி கொல்லாமல் விடுகிறாள். தன் கண்ணைப் பிடுங்கியவளையே விடுகிறாள். இந்தத் தொடரில் பாதிக்கப்பட்ட ஒருவர் தனக்குத் தீங்கு செய்தவரை நேருக்கு நேர் பார்த்து ஒரு முடிவெடுக்கும் இடம் என்று எனக்குத் தோன்றுவது அதுதான். அதிலும் லூட் மன்னிப்புக் கேட்கவில்லை.

#13 | கடற்கரைக்காரன் | 7 பிப்ரவரி, மதியம் 12:45

கத்தி அண்ணன், வேகி விசயம் சரியான அடி. ஆதாம் சாவையும் சேத்துக்கோங்க. லூசிஃபர் அடிச்சுத் துவைச்சுட்டு இருக்கும்போது சார்லிதான் போதும்னு தடுக்கறா. எந்திரிச்சு நின்ன ஆதாம் மறுபடியும் பெருமை பேசறான், நிஃப்டி பின்னால வந்து குத்திப் போட்டுர்றா. மனுசகுலத்துக்கே முதல் தகப்பன்! அவனுக்குத் திருந்த ஒரு வாய்ப்பு? அந்த இடத்துல எல்லாரும் கைதட்டினோம், நானும்தான். நரகத்துல உள்ளவனுக்கு ரெண்டாவது வாய்ப்பு வேணும்னு எட்டு எபிசோடு பேசின தொடர், சொர்க்கத்துல உள்ளவனுக்கு அதைக் கொடுக்கல.

#14 | கோபுரவாசல் | 7 பிப்ரவரி, மாலை 6:30

தாமதமாக வருகிறேன். நம்ம புராண நரகம் முடிவில்லாதது இல்லையே, தண்டனைக் காலம் முடிந்தால் அடுத்த பிறவி. அதனால்தான் சார்லி செய்வது பெரிய காரியமாக முதலில் எனக்குப் படவில்லை. பிறகு இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஒருவர் தருமர். மகாபாரதத்தின் கடைசிப் பகுதியில் சொர்க்கம் போனால் அங்கே துரியோதனன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான், தம்பிகளைக் காணோம். தேடிப் போனால் நரகத்தில் அவர்கள் குரல் கேட்கிறது, "உங்கள் மேல் பட்டு வரும் காற்று எங்கள் வேதனையைத் தணிக்கிறது, போகாதீர்கள்" என்கிறார்கள். தருமர் தேவதூதனிடம், "நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார். இன்னொருவர் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறிய ராமாநுஜர். ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே சொன்னதற்கு நரகம்தான் கிடைக்கும் என்று குரு சொன்னபோது, இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார் என்பது குருபரம்பரைக் கதை.

சார்லியும் எமிலியும் இந்த வரிசையில் நிற்பவர்கள். குறிப்பாக எமிலி. சொர்க்கத்தில் சுகமாக இருந்துகொண்டு, கீழே நடப்பது தெரிந்த பிறகு அந்தச் சுகத்தில் அவளால் உட்கார முடியவில்லை. செராவுக்கோ லூசிஃபரைப் போல எமிலியும் விழுந்துவிடுவாளோ என்ற பயம். பயத்தில் செய்த கொலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அடுத்த சீசன் தொட வேண்டும் என்று காத்திருக்கிறேன். என் பார்வையில் மீட்பு முதலில் தேவைப்படுவது செராவுக்குத்தான்.

#15 | இரவுப்பறவை | 7 பிப்ரவரி, இரவு 11:50

என் கேள்வியை நானே மாத்திக்கறேன். பெண்டியஸ் மேல போனது எனக்கு இப்ப உறுத்தல. சாகறதுக்கு முன்னாடி தான் விரும்பின செர்ரி பாமுக்கு முத்தம் கொடுத்துட்டு, திரும்பி வர மாட்டோம்னு தெரிஞ்சே கப்பலைக் கிளப்பறான். யாரும் பார்த்து மார்க் போடுவாங்கன்னு அவன் நினைச்சிருக்க மாட்டான். கீழ இருக்கறவங்க எல்லாரும் அவன் ஒரேயடியாச் செத்துட்டான்னுதான் நினைச்சுட்டு இருக்காங்க. சார்லி நிரூபிக்க நினைச்சது நிரூபணம் ஆயிடுச்சு, அது அவளுக்கே தெரியாது.

உறுத்தறது முன் வரிசை மட்டும்தான். செம்பருத்தி, தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா? அந்தச் சங்கிலி என்ன ஆச்சு?

#16 | செம்பருத்தி | 8 பிப்ரவரி, காலை 7:20

தப்பா எடுத்துக்க ஒண்ணுமில்ல அக்கா.

குடியை நிறுத்தி ரெண்டு வருஷம் கழிச்சு அப்பா அதை மீட்டார். வட்டி ஏறி ஏறி அசலைத் தாண்டியிருந்துச்சு. பகல்ல லோடு ஏத்தற வேலை, ராத்திரி ஒரு குடோன்ல வாட்ச்மேன். கடைக்காரர் ஏலம் போடாம வெச்சிருந்தது எங்க அதிர்ஷ்டம். வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மா கையில கொடுக்கல. அடுப்படியில கடுகு டப்பா பக்கத்துல, அந்த ரோஸ் கலர் பேப்பரோடயே வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டார். அம்மா சமைக்க வந்து பார்த்தாங்க. பிரிச்சாங்க. கொக்கியை ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாங்க. அப்புறம் சாம்பாருக்குத் தாளிச்சாங்க.

ஆறாம்வருடம் அண்ணா எழுதினதைப் படிச்ச பிறகுதான் எனக்குத் தோணுது, அவருக்குத் தெரிஞ்ச ஒன்பதாவது படி அதுவா இருந்திருக்கலாம். வாய்ல வரல போல.

அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. சங்கிலி அரிசி டிரம்முக்கு அடியில ஒரு துணிப்பையில இருக்கு. அம்மா அதை அவர் இருந்தப்பவும் போட்டுக்கல, போனதுக்கப்புறம் என்கிட்ட எடுத்துக்கோன்னும் சொல்லல. நேத்து ராத்திரி போன் பண்ணி, விக்கணுமா, எனக்கு மாத்திக் கொடுக்கணுமான்னு கேட்டேன். "அது அங்கயே இருக்கட்டும்"னாங்க. அப்புறம் பசங்களுக்குச் சளி எப்படி இருக்குன்னு கேட்டாங்க.